துன்பியல் நாவலும் நியாயம் கேட்கும் வாசகரும்

ஆங்கில நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு சிறு செய்தி வருகிறது. 'டெஸ்' நாவல் வெளிவந்து ஆங்கிலச் சமுதாயம் முழுவதும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த நாட்களில், ஆபர்கார்ன் பிரபுவின் மனைவியார் ஹார்டியைச் சந்தித்தபோது, இந்த நாவலால் தமக்கு ஒரு பெரிய சிரமம் குறைந்தது என்றாராம். விருந்துக்கு வருபவர்களிடம் நாவலின் நாயகி டெஸ்ஸைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்பதாகவும், அவள் தூக்கில் தொங்க வேண்டியவளே என்பவர்களை ஒரு பக்கமாகவும், வஞ்சிக்கப்பட்ட பேதை என்று இரங்குபவர்களைத் தம் பக்கமாகவும் பிரித்துவிடுவதாகவும் சொன்னாராம். இலக்கிய விமர்சனம் என்று இதனைச் சொல்ல யாரும் துணியமாட்டார்கள். ஆயினும், துன்பத்தில் முடியும் ஒரு நாவலைப் படித்து முடித்த சாதாரண வாசகன் முதலில் செய்வது இதுதான் என்பதையும், கதைமாந்தரைக் கூண்டில் ஏற்றி, குற்றம் யாருடையது, தண்டனை தகுமா என்று கேட்காமல் அவனால் புத்தகத்தை மூடிவைக்க முடிவதில்லை என்பதையும் நாம் ஒப்புக்கொண்டேயாக வேண்டும்.

இந்த வழக்கத்துக்கு நற்பெயர் கிடையாது. அதற்குக் காரணமும் ஹார்டியின் காலத்திலேயே இருக்கிறது. 1891-இல் 'கிராஃபிக்' வாரப் பத்திரிகையில் 'டெஸ்' தொடராக வந்தபோது, அவள் கெடுக்கப்படும் பகுதியும், இறக்கும் தறுவாயில் இருக்கும் தன் குழந்தைக்குத் தானே ஞானஸ்நானம் செய்யும் பகுதியும் நீக்கப்பட்டன. பொய்த் திருமணம் ஒன்று இடைச்செருகலாக வந்து சேர்ந்தது. மழைநீர் தேங்கிய பாதையில் பால் கறக்கும் பெண்கள் நால்வரை, பின்னால் டெஸ்ஸின் கணவனாகும் ஏஞ்சல் கிளேர் ஒருவர் பின் ஒருவராகக் கையில் தூக்கிக் கடக்கவைக்கும் காட்சியில்கூட, ஆண்மகன் கன்னியரைத் தொட்டுத் தூக்குவது குடும்பப் பத்திரிகைக்கு அடுக்காது என்று அவர்களைத் தள்ளுவண்டியில் ஏற்றும்படி ஆயிற்று. நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்த 'ஜூட்' நாவலை வேக்ஃபீல்டு பிஷப் நெருப்பிலிட்டார். இட்டதைப் பத்திரிகைக்கு எழுதியும் தெரிவித்தார். அதன்பின் ஹார்டி நாவல் எழுதவில்லை; 1928-இல் இறக்கும்வரை கவிதையோடு நின்றுகொண்டார். நியாயம் கேட்கும் வாசகன் என்றவுடன் தள்ளுவண்டி வைத்த பத்திராதிபரும் நெருப்பு மூட்டிய பிஷப்பும் நம் நினைவுக்கு வருவது இதனால்தான். அவர்களோடு அவனை ஒரே வரிசையில் நிறுத்துவது சரிதானா என்பதே நான் ஆராய விரும்புவது. அதற்கு இங்கிலாந்துக்குப் போக வேண்டியதில்லை, வாளையாறு தாண்டினால் போதும்.

பாலக்காட்டிலிருந்து சில மைல் தொலைவில் தஸ்ராக் என்று ஒரு சிற்றூர். 1956-இல் அங்கே ஓராசிரியர் பள்ளியில் வேலை கிடைத்த தம் தங்கை சாந்தாவுக்குத் துணையாகச் சென்று தங்கிய மலையாள எழுத்தாளர் ஓ. வி. விஜயன், அவ்வூரையே கசாக் என்று பெயர் மாற்றி, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுக் காலம் எழுதித் திருத்தி, 1968-இல் 'மாத்ருபூமி' வாரப்பதிப்பில் தொடராகவும் 1969-இல் நூலாகவும் வெளியிட்டதே 'கசாக்கின்றெ இதிஹாசம்'. விஜயன் பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் பயின்றவர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். மகாராணியின் பெயர் தாங்கிய அந்தக் கல்லூரியில் சிறிது காலம் ஆசிரியராகவும் இருந்தவர். ஆகவே விக்டோரியா காலத்து நாவலின் கட்டுக்கோப்பு, அதாவது செயல் ஒன்று, அதன் பயன் ஒன்று, பயனின் முடிவில் அழிவு என்ற சங்கிலி, அவருக்குப் புதியதன்று. தெரிந்துகொண்டே அந்தச் சங்கிலியை அவர் கழற்றிவிட்டார். அதில்தான் வாசகரின் பிளவு தொடங்குகிறது.

கதையைச் சுருங்கச் சொல்லிவிடலாம். தாம்பரத்துக் கல்லூரியில் பௌதிகம் படித்த ரவி என்னும் இளைஞன், தன் சிற்றன்னையோடு கொண்ட உறவின் பாபச் சுமையால் படிப்பையும் காதலி பத்மாவையும் துறந்து, ஆசிரமங்களில் அலைந்து, ஜில்லா போர்டு நடத்தும் ஓராசிரியர் பள்ளிக்கு வாத்தியாராகக் கசாக்குக்கு வருகிறான். குர்ஆன் ஓதக் கற்றுத்தரும் ஓத்துப்பள்ளி நடத்தும் அள்ளாப்பிச்சை மொல்லாக்கா பள்ளிக்கூடத்தை எதிர்க்கிறார். நிலவுடைமைக்காரரான சிவராமன் நாயர் தம் சொந்தப் பகைகளுக்காகவே அதை ஆதரிக்கிறார். மொல்லாக்காவின் மகள் மைமூனா, அவளை இழந்த நைஜாம் அலி, மனவளர்ச்சியற்ற அப்புக்கிளி, கிணற்றில் விழுந்த பொருள்களை மூழ்கி எடுத்துத் தரும் முங்காங்கோழி என்று ஊர் நிறைய மனிதர்கள். பெரியம்மை வருகிறது, சாவு வருகிறது. பத்மா தேடி வருகிறாள். புறப்பட்டுவிடுவதாக வாக்களித்த ரவி, மழையில் கூமன்காவில் பேருந்துக்குக் காத்திருக்கையில் பாம்பு தீண்ட, அப்படியே படுத்துக்கிடக்கிறான்.

இந்த முடிவைப் படித்தோர் இரண்டாகப் பிரிந்தனர். மலையாள உரைநடையே இந்நூலுக்கு முன், இந்நூலுக்குப் பின் என்று வகுக்கத்தக்கது என்றனர் ஒரு சாரார். எழுபதுகளில் கல்லூரி மாணவர் பலர் ரவியையே தம் பிரதிபிம்பமாகக் கண்டு, அவனைப் போலப் பேசவும் சோர்ந்து நடக்கவும் தலைப்பட்டது அம்மொழி இலக்கிய வரலாற்றில் ஓர் அத்தியாயம். முற்போக்கு முகாமைச் சார்ந்த விமர்சகர்களுக்கோ இது விரக்தியின் விதைப்பு. வர்க்கமும் வரலாறும் அற்ற வெறும் தனிமனித விசாரம். இவ்விரு சாராருக்கும் பின்னர் வந்த பெண் வாசகர்கள் கேட்ட கேள்வி இன்னும் எளியது, ஆகவே இன்னும் கடினமானது: ரவியின் ஆத்ம விசாரத்துக்கு ஆகும் செலவை யார் கொடுக்கிறார்கள்?

அந்தக் கேள்வியைக் கொச்சையானது என்று ஒதுக்குவது ரசிகர்களின் வழக்கம். கலைப் படைப்பில் வரும் பாத்திரத்தை அண்டை வீட்டுக்காரனைப் போல விசாரிக்கலாகாது, ரவி ஒரு மனநிலை, ஒரு தத்துவக் குறியீடு, அவனுடைய ஒழுக்கத்தைக் கேட்பவன் நாவல் படிக்கத் தெரியாதவன் என்பது அவர்கள் வாதம். எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. ரவி குறியீடு என்றால் மைமூனாவும் குறியீடாக வேண்டும். ஆனால் நாவலாசிரியர் மைமூனாவுக்கு உடம்பும் நடையும் வீம்பும் தந்து, ஊரார் கண்களெல்லாம் தொடரும்படி தெருவில் நடக்கவிட்டு, அவளைக் காதலித்தவனிடமிருந்து பிரித்து, மூப்படைந்த முங்காங்கோழிக்கு மனைவியாக்கி, பிறகு ரவியிடம் அனுப்புகிறார். இத்தனை ரத்தமும் சதையுமாக ஒருத்தியைச் சிருஷ்டித்தபின், அவள் என்ன நினைத்தாள் என்று கேட்கும் வாசகனைக் குறை சொல்வதற்கில்லை. அந்தக் கேள்வியை எழுப்பும் அளவுக்கு அவளை உயிர்ப்பித்தது ஆசிரியரின் கலைதான். டெஸ்ஸைப் பார்த்து, 'அவள் தூக்குக்கு உரியவள்' என்றவர்களுக்கும், மைமூனாவைக் குறித்துக் கேட்பவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இங்கே புலனாகிறது. முன்னவர் அடிபட்டவளை விசாரித்தார்கள். பின்னவர் அடிபட்டவளுக்காக விசாரிக்கிறார்கள். கேட்கும் முறை இருவருக்கும் ஒன்றே. முறையைப் பழித்துவிட்டால் பிஷப்போடு சேர்ந்து இவர்களும் போய்விடுவார்கள்.

எனினும் இவ்வாறு நியாயம் கேட்பதில் ஒரு பெருங்குறை உண்டு. அது கதாநாயகனோடு நின்றுவிடுகிறது. ரவி நல்லவனா, கெட்டவனா, பாம்புக்குக் காலை நீட்டியது பிராயச்சித்தமா, கோழைத்தனமா என்ற வாதம் எத்தனையோ பக்கங்களை விழுங்கியிருக்கிறது. அதே நூலில் அம்மை நோய் கசாக்கைப் பிடித்தாட்டும் அத்தியாயத்தைப் பற்றி அதில் பத்தில் ஒரு பங்குகூடப் பேச்சில்லை. என் அபிப்பிராயத்தில் நூலின் உண்மையான துன்பியல் அங்கேதான் இருக்கிறது. அதனைச் சற்று அருகில் சென்று பார்ப்பது தகும்.

நல்லம்மை என்பது ஊரின் அம்மைத் தெய்வம். அவள் வரவை ஊர் அஞ்சுகிறது, ஆனால் வெறுக்கவில்லை. வேப்பிலையும் மஞ்சளும் கொண்டு மாரியை வரவேற்றே பழகிய நமக்கு இது விளக்கம் வேண்டாத செய்தி. விஜயன் நோயின் கொப்புளங்களைப் பூக்களாகவே எழுதுகிறார். ஊர் முழுவதும், வீடுதோறும், உடல்தோறும் பூத்துக் குலுங்குகிறது. ரவியின் பள்ளிப் பிள்ளைகளிலும் சிலர் போய்விடுகிறார்கள். அவன் முயன்று சேர்த்து, வருகைப் பதிவேட்டில் எழுதிய பெயர்கள் அவை. இவ்விடத்தில் ஆசிரியரின் மொழி உச்சத்தை அடைகிறது என்று ரசிகர்கள் சொல்வது மெய். படிப்பவன் மூச்சு முட்டிப்போகிறான். ஆனால் அழகு இவ்வளவு நிறைந்துவிட்ட அந்த இடத்தில், பாலக்காட்டு நகரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஓர் ஊருக்கு அம்மைப்பால் ஏன் சரிவர வந்து சேரவில்லை என்ற கேள்விக்கு இடமில்லாமல் போய்விடுகிறது. எட்வர்டு ஜென்னர் அம்மைப்பால் முறையை வெளியிட்டது 1798-இல். விஜயன் தஸ்ராக்கில் தங்கிய 1956-ஆம் ஆண்டில், நவம்பர் முதல் தேதி வரை அந்த ஊர் சென்னை ராஜ்யத்தின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. பள்ளிக்கூடம் வைக்கத் தெரிந்த ஜில்லா போர்டுக்கு ஊசி போடவும் கடமை இருந்தது. ஊரார் ஊசியை மறுத்தார்களா, ஊசி வரவே இல்லையா, வந்தும் பயன்படவில்லையா? ஹார்டியாக இருந்தால் இதைச் சொல்லாமல் விட்டிருக்கமாட்டார். டெஸ்ஸின் குதிரை அஞ்சல் வண்டியில் மோதிச் செத்ததும் குடும்பத்தின் பிழைப்பு போயிற்று, பிழைப்பு போனதால் அவள் பணக்கார உறவினர் என்று நம்பிய வீட்டுக்கு அனுப்பப்பட்டாள் என்று, ஒவ்வொரு கண்ணியையும் காட்டித்தான் அவர் நம்மைத் தூக்குமரம் வரை கொண்டுபோகிறார்.

அதற்காக ஹார்டியின் முறையே மேல் என்று தீர்ப்பளித்துவிடவும் என்னால் ஆகவில்லை. அவருடைய கண்ணிகளில் சில, வேண்டுமென்றே பொருத்தப்பட்டவை. திருமணத்துக்கு முன் டெஸ் தன் கடந்த காலத்தை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதம் கதவிடுக்கின் வழியே போய்க் கம்பளத்துக்கு அடியில் செருகிக்கொண்டதால் ஏஞ்சலின் கண்ணில் படவில்லை என்பதை நம்பலாம். ஆனால் அப்படியான தற்செயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகையில் டெஸ்ஸைக் கொல்வது சமுதாயமா, விதியா, நாவலாசிரியரா என்ற சந்தேகம் எழாமல் போகாது. மொல்லாக்காவின் சாவில் இந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. காலில் தோன்றிய ஒரு சிறு புண், ஆறாமல் நின்று, கொடிய நோயாகி, பள்ளிக்கூடத்தை எதிர்த்த அந்த மனிதரையே பிழைப்புக்காகப் பள்ளியில் கூலி வேலைக்கு நிற்கும்படி ஆக்கிய வறுமையின் நடுவே, அவரைக் கொண்டுபோகிறது. சதியோ தற்செயலோ ஒன்றும் இல்லை. எதிரிக்கு வேலை கொடுத்த ரவியின் இரக்கமும், வேலையை ஏற்ற மொல்லாக்காவின் தோல்வியும் உரத்துச் சொல்லப்படுவதில்லை. ஹார்டியின் நாவல்களில் இவ்வளவு அடங்கிய குரலில் நிகழும் அழிவு எனக்கு அகப்படவில்லை. ரவியைப் பற்றிய சண்டையில் மொல்லாக்காவை மறந்தவர்கள் இரு தரப்பிலும் இருக்கிறார்கள்.

இனி மொழியில் சொக்கிப்போகும் வாசிப்பைப் பற்றி ஓரிரு வார்த்தை. அது இல்லாவிட்டால் கசாக் இல்லை. கணவாய் வழியே வீசும் காற்றையும் பனைமரக் கூட்டத்தையும் ஒரு கதாபாத்திரமாக்கிய உரைநடையை, கதைச் சுருக்கம் கேட்டு மதிப்பிடும் மனிதரோடு பேசிப் பயனில்லை. தமிழனுக்கு இதில் தனிச் சுவையும் உண்டு. கசாக்கின் ராவுத்தர்கள் தமிழ் வேரினர். அவர்கள் வாயில் வரும் மலையாளத்தில் தமிழ் கலந்தே ஒலிக்கிறது. கொழிஞ்சாம்பாறையிலும் சித்தூரிலும் இரு மொழியையும் ஒரே மூச்சில் பேசி வளர்ந்தவன், திருவனந்தபுரத்து வாசகனுக்கு அடிக்குறிப்பு வேண்டிய இடங்களில் சிரித்துக்கொண்டே படித்துப் போவான். ஆனால் இந்த வாசிப்பு மயக்கமாக மாறும்போது, தஸ்ராக்குக்கு யாத்திரை போவதிலும், நினைவிடமாகிவிட்ட ஞாட்டுப்புரை என்னும் வயல் வீட்டின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வதிலும் நிறைவு காண்கிறது. போவதில் தவறில்லை. ஊரையே ஒருவர் கண்ட கனவாகப் பார்த்துப் பழகிவிட்டால், அங்கே உண்மையில் வாழ்கிறவர்கள் நாவலுக்கு ஒப்பனை செய்த பின்னணியாகிவிடுகிறார்கள் என்பதே என் குறை. தீபன் சிவராமன் 2015-இல் திருக்கரிப்பூரில் இந்நாவலை நாடகமாக்கியபோது அவ்வூர் மக்களையே நடிக்கவைத்தார். ரவியின் விசாரங்கள் பின்னே போய், ஊரே மேடையின் நடுவில் வந்து நின்றது. எந்த விமர்சனக் கட்டுரையும் செய்யாததை அந்த நாடகம் செய்தது என்று சொல்வேன்.

கசாக் நூலாக வந்த அதே 1969-ஆம் ஆண்டில், பாலக்காட்டுக்குத் தென்கிழக்கே ஆனைமலைத் தொடரை வைத்து இன்னொரு துன்பியல் நாவலும் வெளிவந்தது. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' அது, இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் 2007-இல் வந்தது. ஒரு பக்கம் பரம்பிக்குளத்துக் காட்டையும் மறுபக்கம் இடுக்கியின் மூணாற்று மலைகளையும் தொட்டுக்கொண்டிருக்கும் நிலம் அது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து, மேஸ்திரி காட்டிய முன்பணத்தையும் ஆசை வார்த்தைகளையும் நம்பி மலையேறிய கருப்பனும் வள்ளியும், ஒவ்வோர் ஆண்டும் கணக்குத் தீரும்போது கடன் தீராமல், காய்ச்சலுக்கும் துரையின் அதிகாரத்துக்கும் நடுவே நொறுங்குவதே கதை. இங்கே ஒவ்வொரு துன்பத்துக்கும் காரணம் எழுதியிருக்கிறது: ஊரைவிட்டுத் துரத்திய பஞ்சம், முன்பணம், தொழிலாளரை வரிசையில் நிறுத்தும் பெரட்டுக்களத்தில் கழிக்கப்படும் கூலி, மருந்தென்று கொடுக்கப்படும் தண்ணீர். நியாயம் கேட்கும் வாசகனுக்கு இதைவிட வசதியான நூல் கிடையாது. கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிடுகிறது.

அதுவே அதன் பலவீனமும். கருப்பனும் வள்ளியும் எத்தனை துன்பம் அடைகிறார்கள் என்பது மறவாமல் நிற்கிறது. அவர்கள் எப்படிப்பட்ட மனிதர்கள் என்பது மங்கலாகவே இருக்கிறது. மைமூனாவின் வீம்பு போன்ற ஒன்று வள்ளிக்கு வாய்த்திருந்தால் நூல் வேறாகியிருக்கும். எனினும் தேவிகுளத்திலோ பீர்மேட்டிலோ தோட்டத்து லயத்தில் பிறந்து, கொழுந்து கிள்ளிய தாயின் கையைப் பார்த்து வளர்ந்த வாசகனிடம் போய் இந்தக் கலைக் குறையை எடுத்துரைப்பதில் அர்த்தமில்லை; அவன் அதைப் பாட்டன் வரலாறாகவே படிக்கிறான், வரலாற்றில் பாட்டனின் குணச்சித்திரம் அவனுக்குத் தெரியும், ஆசிரியர் எழுதித் தர வேண்டியதில்லை. கலைக் குறை என்று நான் சொல்வது, வெளியிலிருந்து படிப்பவனின் குறையாகவும் இருக்கலாம். நூலைத் தழுவி 2013-இல் பாலா எடுத்த 'பரதேசி' படத்தில், டேனியலின் மனசாட்சியாக வரும் மருத்துவர் மதம் பரப்புபவராக மாற்றப்பட்டதற்கு எழுந்த எதிர்ப்பு, பாத்திரத்தைக் காட்டிலும் நடந்த உண்மைக்குத்தான் இவ்வாசகர்கள் காவல் நிற்கிறார்கள் என்பதைக் காட்டிற்று.

ஆகவே மலையின் இரு புறத்திலும் இரண்டு விதமான பிளவு. கசாக்கில் மனிதர்கள் முழுமை, காரணங்கள் மறைவு. 'ரெட் டீ'யில் காரணங்கள் முழுமை, மனிதர்கள் மறைவு. ஹார்டி ஒருவரே இரண்டையும் ஒன்றாகப் பிடிக்க முயன்றவர். முயற்சி அங்கங்கே பிசகினாலும், வாசகர் நூற்றாண்டு கடந்தும் டெஸ்ஸுக்காக மல்லுக்கு நிற்பதற்கு அந்த முயற்சியே காரணம்.

இன்னும் ஒன்று மட்டும் சொல்ல இருக்கிறது. வாசகர் இரு கட்சியாக நிற்கும்போது ஆசிரியரே நடுவில் வந்து வாதாட வேண்டுமா? ஹார்டி வாதாடினார். 'டெஸ்' தலைப்பின் கீழ், அவள் ஒரு தூய பெண் என்று ஓர் உபதலைப்பைச் சேர்த்தார். கதை சொல்ல வேண்டிய தீர்ப்பைத் தலைப்புப் பக்கத்திலேயே அச்சிட்டுவிட்ட அந்தச் செயலால்தான் எதிர்ப்பு இருமடங்காயிற்று. அதை எழுதாமலே இருந்திருக்கலாம் என்று 1912-ஆம் ஆண்டுப் பதிப்பின் குறிப்பில் அவரே சொல்லிவிட்டார். விஜயனும் வாதாடினார் என்றே நான் கருதுகிறேன். 'கசாக்' நூலை அவரே 1994-இல் ஆங்கிலமாக்கியபோது, இடையில் தம் வாழ்வில் நேர்ந்த ஆன்மிகச் சாய்வுக்கு ஏற்ப, ரவியின் அலைச்சலை ஞானத் தேட்டமாகப் பல இடங்களில் மெருகேற்றினார். மலையாளத்தையும் ஆங்கிலத்தையும் ஒப்பிட்டவர்கள் இவை இரண்டும் ஒரே நூல்தானா என்று கேட்கும்படி ஆயிற்று. ஆங்கில ரவியை எளிதில் மன்னித்துவிடலாம். மலையாளத்து ரவி மன்னிப்பையும் கேட்பதில்லை, விளக்கமும் தருவதில்லை. பாம்பு வரும்வரை பேருந்துக்காகக் காத்திருக்கிறான், அவ்வளவே. யூமா வாசுகி மலையாள மூலத்திலிருந்து 'கசாக்கின் இதிகாசம்' என்று தமிழாக்கியது இதனாலேயே நமக்கு நன்மையாயிற்று. ஆசிரியரின் பிற்கால வக்காலத்து ஏறாத ரவிதான் அதில் வருகிறான். மைமூனாவின் பொருட்டு அவனை விசாரிக்க விரும்பும் வாசகி, விசாரிக்க வேண்டியவனையே அங்கே சந்திக்கிறாள்.